தேங்காய் பறிக்க வருகிறவர்

மலர்,

மேசை மேல் தாம்பாளம் வைத்தது வைத்தபடி இருக்கிறதே, அம்மா மாமா வீட்டுக்குப் போகவே இல்லையா என்று நீ சண்டைக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். போனேன். காலை ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டேன். வெற்றிலை பாக்கு, பழம், பூ, மேலே உன் கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் வைத்து இரண்டு கையாலும் நீட்டினேன். உன் மாமா வாங்கவில்லை. கோபித்துத் தள்ளவும் இல்லை. "பொண்ணாண்ட ஒண்ணு சொல்ல வேண்டியது கீதே, சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொல்லிட்டு வா தங்கச்சி. அப்பால வாங்கிக்கிறேன்" என்றார். வந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ சிறுசேரியிலிருந்து கேப்பில் வந்து இறங்க ஆறரை ஆகிவிடும். அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் ஆரம்பித்தால் பாதியில் எனக்குக் கோபம் வரும், இல்லாவிட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வரும், எழுந்து போய்விடுவேன். என் லட்சணம் உனக்குத் தெரியாததா? போன வருஷம் செங்கல்பட்டு டாக்டரம்மா, பேச வரவில்லை என்றால் எழுதிப் பாருங்களேன் என்றபோது, ஒரே வீட்டில் இருக்கிறவளுக்குத் தபாலா என்று சிரித்தவள் நான். முப்பது வருஷமாக ஆபீசில் அடுத்தவர் எழுதியதை டைப் அடித்தே பழகிவிட்டேன். சொந்தமாக இத்தனை பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. உன் அப்பா படிக்கட்டும், மாப்பிள்ளை படிக்கட்டும், வாசித்துப் பார்க்க ஆசைப்படுகிற யாரும் படிக்கட்டும். பதினெட்டு வருஷம் மூடி வைத்தது போதும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் செங்கல்பட்டில் வாடகைக்கு வீடு தேடி அலைந்ததிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வீடு பிடித்திருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கும் எங்களைப் பிடித்திருந்தது. சாவியைக் கையில் கொடுக்கிற நேரத்தில் சொந்த ஊர் கேட்டார். சதுரங்கப்பட்டினம் என்றேன். சதுரங்கப்பட்டினத்தில் எங்கே என்றார். பொய் சொல்லத் தெரியாத வயசு எனக்கு, காலனி என்றேன். அந்த அம்மா ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. ஊரிலிருந்து மாமியார் வந்து தங்கப் போகிறார், மறந்தே போயிற்று என்று சிரித்துக்கொண்டே சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வெளியே வந்து அப்பா சர்பத் வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே நான் ஒரு முடிவு செய்தேன். என் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரவே கூடாது, வந்தால் கையில் ஒரு பதில் இருக்க வேண்டும் என்று.

அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். உனக்கு நினைவிருக்குமே, அந்தக் குடியிருப்பில் யாருமே உள்ளூர்க்காரர்கள் இல்லை. மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள். அங்கே பழக ஆரம்பித்தாலே முதல் கேள்வி சொந்த ஊர்தான். நான் தஞ்சாவூர் பக்கம் என்று சொல்லிவிட்டேன். தஞ்சாவூரை நான் ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. நம் பிளாக் மொட்டை மாடியில் ஏறி நின்றால் டச்சுக் கோட்டையும், அதற்குப் பின்னால் நான் பிறந்த காலனியின் பனைமரங்களும் தெரியும். நாலே கிலோமீட்டர். அங்கே துணி உலர்த்திக்கொண்டே நான் தஞ்சாவூர்க்காரி ஆகிவிட்டேன். கடவுள் சும்மா விடுவாரா, எதிர்வீட்டுக்கு வனஜா அக்கா வந்து சேர்ந்தார், அசல் தஞ்சாவூர். எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் என்று ஆசை ஆசையாகக் கேட்பார். எனக்கு வியர்த்து ஊற்றும். சின்ன வயசிலேயே வந்துவிட்டோம் அக்கா என்று சமாளிப்பேன். நீ வேறு லீவு விட்டால் போதும், தஞ்சாவூர் போகலாம் வா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவாய்.

உன் மாமா ஏழுமலை மட்டும்தான் இந்த நாடகத்தில் அடங்காத ஆள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் துணிப்பையில் மீனோடு வந்துவிடுவார். கொத்தனார் வேலை. நம் பிளாக் கட்டியபோது சித்தாளாக ஏறி, கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டது அந்தச் சுவர்களில்தான். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹால் சுவரைத் தட்டிக் காட்டி, "இந்தச் செவுரு மாமா வெச்சது" என்பார். நீயும் அந்தச் சுவருக்கு முத்தம் கொடுப்பாய். உனக்கு ஏழு வயசு நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கேட்டைத் திறந்துகொண்டு "இன்னா தங்கச்சி, நாஸ்தா ஆச்சா?" என்று குரல் கொடுத்தபடி உள்ளே வந்தார். வனஜா அக்கா நம் வாசலில் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார். நீ படியில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாய். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் இவர் என்று கேட்டார். அழுக்கு லுங்கி, சிமெண்ட் அப்பிய கால், அந்தப் பேச்சு. தஞ்சாவூர்க்காரிக்கு இப்படி ஒரு அண்ணன் எப்படி இருக்க முடியும்? நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை மலர். யோசித்தேன் என்றாலாவது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். "தேங்கா பறிக்க வர்றவரு, அக்கா" என்றேன்.

மாமா காதில் விழுந்தது. எடுத்து வைத்த காலை அப்படியே நிறுத்தினார். பிறகு பின்பக்கம் சுற்றிப் போய், அங்கே இருந்த தென்னையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். வனஜா அக்கா, நல்லதாகப் போயிற்று, எங்கள் வீட்டு மரமும் காய்த்துத் தொங்குகிறது என்றார். அடுத்த ஞாயிறு மாமா அரிவாளும், காலில் மாட்டுகிற கயிறும் யாரிடமோ இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பிறந்ததிலிருந்து தென்னை ஏறியவர் இல்லை அவர். நம் மரம் ஏறினார், வனஜா அக்காவின் மரம் ஏறினார். இறங்கி வந்தபோது மார்பெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வனஜா அக்கா நல்ல மனுஷி, பதறிப்போய் மஞ்சள் தூள் கொண்டுவந்து கொடுத்தார். அதே நல்ல மனுஷி, ஜன்னல் மேல் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்து அதில் டீ ஊற்றிக் கொடுத்தார். என் அண்ணன் குந்தி உட்கார்ந்து அதைக் குடித்து, கழுவி, அதே இடத்தில் கவிழ்த்து வைத்தார். சமையலறை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு ஏறினாய் அண்ணா என்று பிறகு அழுதபோது, "நீ சொன்னது பொய்யா பூடக்கூடாதுல்ல" என்றார்.

அதன் பிறகு நான் உனக்கு ஒரு சட்டம் போட்டேன். வெளி ஆட்கள் இருந்தால் மாமா என்று கூப்பிடக் கூடாது. ஏன் என்று நீ கேட்டாய். அதட்டினேன். குழந்தைகள் அதட்டலுக்குக் காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். மாமா என்னவோ கேவலமான ஆள் என்று நீ கண்டுபிடித்துக்கொண்டாய். நீ பெரியவளானபோது சடங்கு வைக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். பெண் குழந்தையை உட்கார வைத்து ஊருக்குக் காட்டுவது பிற்போக்கு என்று ஒரு பிரசங்கமே செய்தேன். உன் அப்பா வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, என் பெண்டாட்டி எவ்வளவு முற்போக்கு என்று பெருமைப்பட்டார். உண்மைக் காரணம் வேறு. சடங்கு என்றால் தாய்மாமன் சீர்த்தட்டோடு முன்வாசல் வழியாக வர வேண்டும். தேங்காய் பறிக்கிறவர் எப்படிச் சீர் கொண்டுவருவார்? அவ்வளவுதான் என் முற்போக்கு. அதற்குப் பிறகு மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதும் நின்றுபோயிற்று.

பிறகு நீ படித்தாய், காலேஜில் சேர ஜாதிச் சான்றிதழ் வாங்கியபோது நம் ஊர் எது என்று தெரிந்துகொண்டாய், எஞ்சினியர் ஆனாய், சிறுசேரியில் வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நீ முதல் நாள் கேப்பில் ஏறியபோது, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு வருஷம் போயிருக்கும், உனக்குத் தொண்டை அடைக்க ஆரம்பித்தது. சாப்பிடும்போது, மீட்டிங்கில், போனில். ஒரு நாள் மாமல்லபுரம் தாண்டி வரும்போது மூச்சு முட்டுகிறது என்று கேப்பை நிறுத்தி இறங்கிவிட்டாய். டிரைவர் பயந்துபோய் அப்பாவுக்குப் போன் போட்டார். நான் முதலில் ஓமத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் வேப்பிலை அடித்தேன். அப்புறம் திட்டினேன். இத்தனை வசதியும் இருந்து உனக்கு என்னடி குறைச்சல் என்று கேட்டேனே, அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

உங்கள் ஆபீசிலேயே ஒரு மனநல கவுன்சிலர் இருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு முறையும் யாராவது சொந்த ஊர் கேட்பதையும், ஊர் சொன்னால் தெரு கேட்பதையும், தெரு சொன்னால் ஒரு மாதிரி புன்னகைத்துப் பேச்சை மாற்றுவதையும் நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய். கோட்டாவில் படித்து வந்தவர்கள் கம்ப்யூட்டரில் கோடு எழுதினால் இப்படித்தான் என்று உன் டீம் லீடர் ஜோக் அடித்ததையும் சொல்லியிருக்கிறாய். கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த மாதிரி கம்பெனியில் ஜாதி எல்லாம் யாரும் பார்ப்பதில்லை, அது உன் எண்ணம், எண்ணத்தை மாற்றிக்கொள் என்று சொல்லி அனுப்பினார். தினமும் காலையில் ஐந்து நல்ல விஷயம் எழுதச் சொன்னார். நீயும் நல்ல பிள்ளையாக எழுதினாய். நான் அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். மூன்றாவது வாரம் அந்தக் காகிதத்தில் ஐந்து வரியிலும் 'இன்று யாரும் எதுவும் கேட்கவில்லை' என்றே எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய், விசாரித்து, பேசியே வைத்தியம் பார்க்கிற செங்கல்பட்டு டாக்டரம்மாவின் விலாசம் வாங்கி வந்தார்.

ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடை மாடியில் அந்த அறை. ஒரு மின்விசிறி, மூன்று பிரம்பு நாற்காலி, எலக்ட்ரிக் ரயில் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாத்திரை எழுதாத டாக்டருக்கு எதற்கு டாக்டர் என்று பெயர் என்று நான் படியிலேயே முணுமுணுத்தேன். நீ நாலைந்து ஞாயிறு போய் வந்த பிறகு என்னையும் அழைத்தார். போகும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். உட்கார்ந்ததும் கேட்டேன். "அடிச்சவன் நல்லா தூங்குறான். அடி வாங்கினவ பஸ் ஏறி வந்து ஒக்காந்து பேசி சரியாவணுமா? ஊரு செஞ்ச தப்புக்கு எம்பொண்ணுக்கு வைத்தியமா?" நீ என் முழங்கையைக் கிள்ளினாய். அந்த அம்மா முகம் மாறவில்லை. நியாயமான கேள்வி, தனக்கும் அதே கேள்வி இருக்கிறது என்றார். ஒரு ரயில் கடந்து போனதும், "அடிச்சவங்கள இந்த நாற்காலில கொண்டுவந்து ஒக்கார வெக்க என்னால முடியலம்மா. ஆனா வலிக்குதுன்னு வர்றவங்களோட வலிய, அவங்க கொறைன்னு எழுதாம இருக்க என்னால முடியும்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் நல்லாத்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பேன். அவர் மேலும் ஒன்று சொன்னார். அவர் வளர்ந்த வீட்டில் கொல்லைப்பக்கம் ஒரு தட்டு தனியாகக் கவிழ்ந்திருக்குமாம். வயல் வேலைக்கு வருகிற ஒருவருக்கு அதில்தான் சோறு. பதினாறு வருஷம் தினமும் பார்த்தும் அவர் பெயர் என்ன என்று தான் ஒரு நாளும் கேட்டதில்லை என்றார். இதைத் தெரிந்துகொண்டு என்னிடம் பேசுவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யலாம் என்றார். எனக்குச் சுரீர் என்றது. வனஜா அக்கா வீட்டு ஜன்னல் டம்ளர் கண் முன்னால் வந்தது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் தன் வீட்டுக் கதையைத் தானாக எடுத்து வைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு எழுந்து வரத் தோன்றவில்லை.

அன்றைக்குத்தான் நீ அந்த மழை நாளைச் சொன்னாய். மூன்றாம் வகுப்பில் படித்தபோது, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாமா குடையோடு வந்து நின்றார். கூடப் படிக்கிற பெண் யார் அது என்று கேட்டாள். எங்கள் வீட்டில் தேங்காய் பறிக்க வருகிறவர் என்று நீ சொன்னாய். மாமா குடையை உன் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டார். வீடு வரைக்கும் நனைந்துகொண்டே பின்னால் வந்தார். "நான் திரும்பிப் பாக்கவே இல்லம்மா. அந்த வார்த்தைய எப்படி நான் கண்டுபுடிச்சேன்? எட்டு வயசுல ஒருத்திக்கு அவ்ளோ கெட்ட புத்தி எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டாய். யாராவது சொந்த ஊர் கேட்கும்போதெல்லாம் முதலில் உனக்குத் தெரிவது கேட்கிறவர் முகம் இல்லை, நனைந்த மாமா முகம் என்றாய். அப்போதுதான் தொண்டை அடைக்கிறது என்றாய்.

மலர், அந்த அறையில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த வார்த்தையை நீ கண்டுபிடிக்கவில்லை. ஏழு வயசில் நம் வீட்டுப் படியில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டே என் வாயிலிருந்து கேட்டாய். கேட்டதை மறந்துவிட்டாய், வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. ஒரு வருஷம் கழித்து உனக்குத் தேவைப்பட்டபோது அது தானாக வந்தது. அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் உன் நெஞ்சிலிருந்து பாதி பாரம் அந்த நாற்காலியிலேயே இறங்கியிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொழந்த, தெரியாம சொல்லியிருப்பே, வுடு" என்றேன். உனக்கு ஆறுதல் சொல்கிற தாயாக நடித்தேன். டாக்டரம்மா என் முகத்தையே பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். போன வருஷம் முழுவதும், நீ மன்னிப்புக் கேட்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று புலம்பியபோதெல்லாம், உன் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பயம்தான். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்ட அந்த அம்மாவின் மேல் எனக்கு இருக்கிற கோபம், நீ இதைக் கேட்டால் என் மேல் உனக்கு வந்துவிடுமோ என்கிற பயம். ஊர் எனக்குச் செய்ததை நான் என் அண்ணனுக்குச் செய்தேன். அதை என் மகள் கையில் ஆயுதமாகக் கொடுத்தேன். ஊர் செய்தது ஊரின் தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நீயும் அதைச் சந்தேகப்படாதே. ஆனால் அன்றைக்கு வாயைத் திறந்தவள் நான். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் வைத்துக்கொள்ள டாக்டரம்மாவின் அறையில்தான் கொஞ்சம் பழகினேன்.

அந்த அறையால் ஊர் மாறிவிட்டதா என்றால் இல்லை. நீ எழுத்தில் புகார் கொடுத்தாய். உன் டீம் லீடர் அதே நாற்காலியில் இருக்கிறார், உன்னைத்தான் வேறு டீமுக்கு மாற்றினார்கள். அன்றைக்கு நீ அழுவாய் என்று நான் வடை சுட்டு வைத்திருந்தேன். நீ வந்து ஐந்து வடை தின்றுவிட்டு, அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்மா, தொண்டை அடைக்கவே இல்லை என்றாய். மாப்பிள்ளையிடம் மூன்றாவது தடவை பார்க்கும்போதே சதுரங்கப்பட்டினம் காலனி என்று நீயாகச் சொன்னாய். கல்யாணம் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டுக்குப் போவதை நிறுத்தாதே. சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு என்று யாராவது கேட்டால், அது நானாகவே இருந்தாலும், காதில் போட்டுக்கொள்ளாதே. நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்து, அதனிடம் யாராவது ஊர் கேட்டால், பதில் தயார் செய்து கொடுக்காதே. கூட நில், போதும். நான் பதில் தயார் செய்து கொடுத்துத்தான் இவ்வளவும்.

இன்றைக்குக் காலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாமா வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் சாரம் ஏறுவதில்லை, முட்டி ஒத்துழைப்பதில்லை. அண்ணிதான் முதலில் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். "இன்னாம்மா, வழி தெரிஞ்சிச்சா? எங்க வூட்ல தென்ன மரம் இல்லியே" என்றார். எனக்கு இது வேண்டியதுதான். மாமா அண்ணியை அதட்டினார். அண்ணி அடங்கவில்லை. நீ பெரியவளான சேதி கேட்டு மாமா பட்டுப் பாவாடை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று ஞாயிறு சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாராம், ஆள் அனுப்புவாள் என்று. இதை எனக்கு இத்தனை வருஷமாக யாரும் சொன்னதில்லை.

நான் தட்டை நீட்டி, பத்திரிகை கொண்டுவந்திருக்கிறேன் அண்ணா, மேடையில் தாய்மாமனாக நீதான் நிற்க வேண்டும் என்றேன். உன்னைப் பற்றி விசாரித்தார். மழை நாளை நினைத்து நீ இன்னும் கலங்குகிறாய், நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறாய் என்றேன். பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "கொயந்த இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்குது? அன்னிக்கி அது வாய்ல வந்தது ஒன் வார்த்தைன்னு எனுக்கு அப்பவே தெரியும். அதுக்குத் தெரியாதா? இத்தினி வருசமா அத்தத் தூக்கிகினு அலையுதா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது எங்கள் அம்மா செத்த அன்றைக்கு, அதற்கப்புறம் இன்றைக்குத்தான். தன்னை மரம் ஏற வைத்ததற்குக் கலங்காத மனுஷன், உன் மேல் நான் சுமத்தியதற்குக் கலங்கினார். அப்புறம்தான் தட்டை வாங்க மாட்டேன் என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பிரம்பு நாற்காலியில் டாக்டரம்மா ஒரு வருஷம் காத்திருந்தது இதற்காகத்தான். ஒன்றும் படிக்காத என் அண்ணன் தட்டை வாங்காமலே அதைச் செய்துவிட்டார். பத்திரிகையில் தாய்மாமன் என்று அவர் பெயரும், பக்கத்தில் கொத்தனார் என்றும், காலனி விலாசமும் போட்டிருக்கிறது, பார்த்திருப்பாய். அது போதும், எல்லாக் கணக்கும் தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வனஜா அக்கா வீட்டுக்கும் ஒன்று கொடுத்தேன். யாரிந்த ஏழுமலை என்று கேட்டார். உங்கள் மரமெல்லாம் ஏறினாரே, அவர் என் கூடப் பிறந்த அண்ணன் என்றேன். அக்கா பத்திரிகையை முதலிலிருந்து மறுபடியும் படித்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

மணி ஆறாகப் போகிறது. இதைப் படித்த பிறகு நீ என்னிடம் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. கோபம் வந்தால் வரட்டும், என்னைத் தேற்றுகிற வேலையையும் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. பத்து நாள் பேசாமல் இருந்தாலும் சோறு போட்டு வைப்பேன், நீ சாப்பிட்டால் போதும். உன் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்பதை நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் எல்லாப் பொய்யும் சொன்னேன். அது ஆசைதான், ஆனால் அதற்கான விலையை நீயும் என் அண்ணனும் கொடுத்தீர்கள்.

வெற்றிலை இன்னும் வாடவில்லை, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. உனக்கு மனசு இருந்தால் காலையில் தாம்பாளத்தை எடுத்துக்கொள். பஸ் நிறுத்தத்திலிருந்து காலனிக்குள் நீ மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே முன்னால் நட. நான் இரண்டடி பின்னால் வருகிறேன்.

அம்மா